நேர்கோட்டில் ஆடாத பாரம்

செப்டம்பர் 2, செவ்வாய்

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இன்று தனி ஊசல். பத்தொன்பது வருடமாக இந்த லேபில் இதே கத்தல்தான். "குண்டை நேரா இழுத்து நேரா விடு. சுத்தவிடாதே. சுத்துச்சுன்னா நிறுத்திட்டு மறுபடி ஆரம்பி." இருபத்து நான்கு பேரில் பதினைந்து பேர் கோணலாகத்தான் விடுகிறார்கள். குண்டு நீள்வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும், நான் போய்க் கையால் பிடித்து நிறுத்துவேன். இன்று பிடித்த பிடியில் ஒரு நூல் அறுந்தே போயிற்று. பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பார்த்தார்கள். அவர்கள் மேல் எனக்கென்ன கோபம்? இருக்கிற கோபத்தை எங்கேயாவது கொட்ட வேண்டுமே.

யார் மேல் கோபம் என்று இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மேல். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவர் ஓட்டிய டவர் கிரேனில் தொங்கிய கம்பிக் கட்டு என் தம்பியை இடித்துத் தள்ளிவிட்டது. ஒரே கட்டுமானத் தளத்தில் மாமா மேலே, மச்சினன் கீழே. அவன் கொக்கி மாட்டுவான், இவர் தூக்குவார். ஏழு வருடமாக அப்படித்தான். இப்போது தம்பி வலது தோள் நொறுங்கி, இடுப்பெலும்பில் விரிசலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். விசாரணை முடிகிறவரை இவருடைய லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அம்மா, "உன் புருஷன் வந்தா நான் எந்திரிச்சுப் போயிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அவர் வரவில்லை என்றேன். "வர்றதுக்கு முகம் வேணுமே" என்றாள். அவருக்காகப் பரிந்து பேச எனக்கே வாய் வரவில்லை என்பதுதான் நிஜம்.

செப்டம்பர் 3, புதன்

தம்பி இன்று இடது கையால் தானே தண்ணீர் குடித்தான். பாதி சட்டையில்.

செப்டம்பர் 5, வெள்ளி

கேட்டேவிட்டேன். "அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? மறைக்காம சொல்லுங்க."

அவர் சொன்னது இது. கம்பிக் கட்டைத் தூக்கும்போது அது சாரத்தின் மூலையில் சிக்கி, சட்டென்று விடுபட்டு, ஆட ஆரம்பித்தது. மேலிருந்து இருபது மீட்டர் இரும்புக் கயிறு. பாரம் இந்தப் பக்கம் ஐந்து மீட்டர், அந்தப் பக்கம் ஐந்து மீட்டர் போய் வந்தது. அந்த நேரம் பார்த்து வாக்கி டாக்கி செத்துப் போயிற்று. பாரம் ஆடும்போது கீழேயிருந்து சொல் வராவிட்டால் லீவரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட வேண்டும் என்பது அந்தத் தளத்துச் சட்டம். எடுத்துவிட்டாராம். கீழே எல்லோரும் அது ஆடுகிற கோட்டை விட்டு விலகினார்கள். தம்பியும் கோட்டிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி நின்றான். இங்கே வராது என்ற தைரியத்தில், வேறு வாக்கி டாக்கி எடுக்கத் திரும்பினான். முதுகுப்பக்கமாக வந்து இடித்தது.

"ஒன்றரை நிமிஷம் கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அது தானா அவன் பக்கம் திரும்புச்சு."

தானாகத் திரும்பியதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யார் காதுல பூ சுத்துறீங்க? ஊசல் தன்னால திசை மாறாது. ஆரம்பிச்ச கோட்டுலதான் ஆடும். நான் சோறு திங்கறதே அந்த ஊசலை வச்சுத்தான். நீங்க கிரேனைத் திருப்பியிருக்கீங்க. பயத்துல கை பட்டிருக்கும். பட்டுச்சுன்னு ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

"நான் தொடல."

"அப்போ பாரத்துக்குக் கால் முளைச்சுச்சா?"

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். தப்பு செய்தவரை மன்னித்துவிடலாம். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, அதுவும் என் பாடத்திலேயே, பொய் சொல்கிறவரை என்ன செய்வது?

செப்டம்பர் 8, திங்கள்

தளத்துப் பாதுகாப்பு அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். எங்கே போனாலும் மஞ்சள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போகிறார். தம்பி அவருக்கு வைத்த பெயர் மஞ்சள் தொப்பி. மிக மரியாதையாகப் பேசினார். "மேடம், நீங்க காலேஜ் பிசிக்ஸ் லேப்ல இருக்கீங்களாமே? எனக்கு ஒரு சந்தேகம். யாரும் தொடாம ஊசல் திசை மாறுமா?"

"மாறாது" என்றேன்.

"ரொம்ப நன்றி" என்றார். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார்.

தம்பி கண்ணை மூடியபடியே, "அக்கா, மாமா தொடலன்னா தொட்டிருக்க மாட்டாரு" என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. அடிபட்டவனே வக்காலத்து வாங்குகிறான்! "நீ சும்மா படு" என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். அவர்தான் பிரித்தார், படித்தார், மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். நான் எடுத்துப் படித்தேன். நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது:

'ஆடும் பாரம் புற விசையின்றித் தன் ஆட்டத் தளத்தை மாற்றிக்கொள்வதில்லை. பூமியின் சுழற்சியால் நேரும் விலகலும் இக்கால அளவில் அரை டிகிரிக்கும் குறைவே. ஆகவே கிரேன் திருப்பப்பட்டுள்ளது. கல்லூரி ஆய்வகத்தில் பணிபுரியும் ஆபரேட்டரின் மனைவியும் இதை உறுதிப்படுத்தியுள்ளார்.'

உறுதிப்படுத்தியுள்ளாராம். நானா? சந்தேகம் கேட்டான், பதில் சொன்னேன். சாட்சி கேட்கிறேன் என்று சொன்னானா அந்த மனுஷன்? தம்பி கட்டில் பக்கத்தில் நின்று நைசாக வாயைக் கிளறி, என் புருஷன் கழுத்தில் என் வார்த்தையையே சுருக்கிட்டுப் போட்டிருக்கிறான். பாவி! நம்பிப் பேசினேனே.

லைசென்ஸை நிரந்தரமாக ரத்து செய்யப் பரிந்துரை. ஆட்சேபம் இருந்தால் இருபத்து நான்காம் தேதி நேரில் சொல்லலாம்.

மாடியிலிருந்து இறங்கி வந்தவரிடம், "நான் அப்படிச் சொல்லல, அவன் கேட்ட விதம் வேற" என்றேன்.

"சொன்னியா, சொல்லலையா?"

"சொன்னேன். ஆனா..."

"சரி" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

செப்டம்பர் 13, சனி

நாள் முழுவதும் ஒரு வார்த்தை இல்லை. "சாப்பாடு" என்றேன். வந்து சாப்பிட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இதைப் பதறாமல் எழுத வேண்டும். முடியுமா தெரியவில்லை.

மதியம் அடுத்த பிரிவுக்கு ஊசல். இவர்களுக்கு நீளமான நூல், உத்தரத்துக் கொக்கியிலிருந்து இரண்டு மீட்டர். ஒரு பெண் குண்டை எக்கச்சக்கமாக இழுத்துக் கோணலாக விட்டாள். ஸ்டாப் வாட்ச் ஓடவில்லை என்று அதைத் தட்டிக்கொண்டு நின்றாள். குண்டு பாட்டுக்கு அகலமாகச் சுற்றிச் சுற்றி ஆடியது. வழக்கமாக இருந்தால் இரண்டாவது சுற்றிலேயே பிடித்திருப்பேன். இன்று எழுந்திருக்கத் தெம்பில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து, மூன்றாம் பக்கத்து அந்த வரியை மனதுக்குள் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு, குண்டைப் பார்த்தபடி இருந்தேன்.

ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நீளவாக்கில் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஆடுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கரும்பலகை மூலையை நோக்கி. யாரும் தொடவில்லை! அந்தப் பெண் அதைப் பார்க்கவே இல்லை. மூடிய அறை, மின்விசிறி ஓடவில்லை. அந்த நீள்வட்டம் அப்படியே, முழுசாக, தன்னாலேயே திரும்பிக்கொண்டிருந்தது.

"மேடம், இது சுத்துது, நிறுத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"தொடாதே!" என்று கத்தினேன். லேபே திரும்பிப் பார்த்தது.

பத்தொன்பது வருடம். எத்தனை ஆயிரம் தடவை இந்தக் கையால் பிடித்து நிறுத்தியிருப்பேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஒரு நிமிடம் விட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? கோணலாகப் போனால் தப்பு, தப்பென்றால் அழித்துவிடு, ரெக்கார்டு நோட்டில் நேராக ஆடியது மட்டும் வரட்டும். அப்படிப் பழகிய கண்ணை வைத்துக்கொண்டு என் புருஷனைப் பொய்யன் என்றேனே.

செப்டம்பர் 17, புதன்

அவசரப்படக் கூடாது. முதல் சந்தேகம் கொக்கி மேல். கொக்கி ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தாலும் குண்டு திசை மாறும். அதனால் மதிய இடைவேளையில் மூன்று விதமாக விட்டுப் பார்த்தேன். நேராக விட்டேன். திரும்பவில்லை. இடப்பக்கமாகச் சுற்றவிட்டேன். நீள்வட்டமும் இடப்பக்கமாகவே திரும்பியது. வலப்பக்கமாகச் சுற்றவிட்டேன். வலப்பக்கம் திரும்பியது. கொக்கியின் கோளாறாக இருந்தால் இப்படிக் குண்டு போகிற பக்கமெல்லாம் கூடவே போகாது.

பிறகுதான் அளவு உறைத்தது. கயிறு இருபது மீட்டர், ஆட்டம் ஐந்து மீட்டர். என் நூல் இரண்டு மீட்டர். ஐம்பது சென்டிமீட்டர் இழுத்தால் சரியாகப் பத்தில் ஒரு பங்கு! அகலம் எவ்வளவு என்று தெரியாது, குத்துமதிப்பாக நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு இருபது சென்டிமீட்டர் வைத்தேன். தரையில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். ஒன்பது ஆட்டத்தில் ஏறக்குறைய முப்பது டிகிரி. கிரேனில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது வினாடி. ஒன்பது ஒன்பதா எண்பத்தொன்று. ஒன்றரை நிமிடம் என்றுதானே அவர் சொன்னார்?

பேராசிரியரிடம் ஓடினேன். தேநீரை உறிஞ்சியபடியே, "ஆமாம்மா, அது தெரிஞ்ச விஷயம்தானே" என்றார். "நேரா ஆடினா திரும்பாது. சுத்தி ஆடினா ஒரு சுத்து முடியறப்ப ஆரம்பிச்ச இடத்துக்கே வராது, கொஞ்சம் தாண்டிடும். பெரிய ஆட்டத்துக்கு நேரம் கொஞ்சம் கூடுதல் பிடிக்கும் இல்லையா? சின்னக் கோணம்னு சொல்லி அதை நாம தள்ளிடறோம். தள்ளினதுதான் இங்க வேலை காட்டுது. ஊசல் எல்லாப் பக்கமும் ஆடலாம்னு வச்சுட்டா கதையே வேற."

"தெரிஞ்சா ஏன் சார் ஒரு நாளும் சொல்லல?"

"பாடத்திட்டத்துல இல்லையேம்மா."

தேநீர்க் கோப்பையைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. இவரைச் சொல்லி என்ன? மஞ்சள் தொப்பியைத்தான் சொல்லணும். பூமி சுற்றுகிறது வரைக்கும் யோசித்திருக்கிறான், அரை டிகிரிக்குக் குறைவு என்று பீற்றிக்கொண்டிருக்கிறான். கண்ணெதிரே பாரம் சுற்றியதை யோசிக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ஒன்று பாக்கி. பாரம் எந்தப் பக்கமாகச் சுற்றியது? அது தம்பி நின்ற பக்கமாகச் சுற்றியிருந்தால்தான் அவனிடம் வந்து சேரும். எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தால் என் கணக்கு குப்பைக்குப் போகும், அவர் மறுபடி பொய்யர் ஆகிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் தம்பியிடம் காரணம் சொல்லாமல் கேட்டேன். "டேய், அன்னைக்கு அந்தக் கட்டு எப்படி ஆடுச்சுன்னு வரைஞ்சு காட்டு."

இடது கை விரலால் போர்வைமேல் வரைந்தான். நீளமாக ஒரு முட்டை. "இப்படிப் போயி, இப்படி வளைஞ்சு வந்துச்சுக்கா. நடுவுலேருந்து ஒரு பக்கம் ஆறடி ஏழடி அகலம் இருக்கும். இன்னும் கூடவே இருக்கலாம்."

"நீ எங்க நின்னே?"

முட்டையின் நுனிக்குப் பக்கத்தில், இடப்பக்கமாக விரலை வைத்தான். முட்டையை வரையும்போது விரல் சுற்றிய பக்கமும் இடதுதான்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அம்மா, "இப்ப எதுக்கு அழற? பையன் நல்லாத்தானே இருக்கான்" என்று அதட்டினாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

அவரிடம் சொன்னேன். கூடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். குண்டு, சாக்பீஸ் கோடு, முப்பது டிகிரி, தம்பி வரைந்த முட்டை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்போ நான் தொடலன்னு நூல் சொல்லிடுச்சு" என்றார்.

"ஆமா!"

"நானும் சொன்னேனே."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார். கேட்டதும் நியாயம்தான். ஊசலை நம்ப மூன்று விதமாக விட்டுப் பார்த்தேன். அவரை ஒரு விதமாகக்கூட விட்டுப் பார்க்கவில்லையே.

செப்டம்பர் 24, புதன்

தளத்துத் தகரக் கொட்டகையில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஓரத்தில் மஞ்சள் தொப்பி. என் வீட்டுக்காரர் கடைசி நாற்காலியில். "குடும்பத்தார் வெளியே காத்திருக்கணும்" என்றார்கள். "நான் குடும்பத்தாரா வரல. மூணாம் பக்கத்துல என் பேச்சை எழுதியிருக்கீங்க, அந்தச் சாட்சியா வந்திருக்கேன்" என்றேன். நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பையிலிருந்து குண்டை எடுத்தேன்.

கொட்டகை உத்தரத்தில் கொக்கி மாட்ட ஏணி கேட்டேன். மஞ்சள் தொப்பி, "மேடம், இது ஸ்கூல் கண்காட்சி இல்ல" என்றார். "தெரியும். ஸ்கூல் கண்காட்சின்னா தப்பா எழுதினவங்களைத் திருத்தச் சொல்லுவாங்க" என்றேன். அந்த அம்மாள் ஏணி கொண்டுவரச் சொன்னார்.

தரையில் கோடு போட்டேன். தம்பி நின்ற இடத்தில், கோட்டுக்கு இடப்பக்கம் இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி, ஒரு தண்ணீர் பாட்டில். முதலில் குண்டை நேராக விட்டேன். பத்து ஆட்டம் பார்த்தோம், பாட்டில் பக்கமே போகவில்லை. "இது உங்க அறிக்கை" என்றேன். பிடித்து நிறுத்தினேன். மறுபடி ஐம்பது சென்டிமீட்டர் இழுத்து, விடும்போது பக்கவாட்டில் ஒரு தட்டு. சாரத்து மூலையில் சிக்கி விடுபட்ட கட்டு வேறெப்படிப் போகும்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் மூன்று ஆட்டத்தில் மஞ்சள் தொப்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதில் நிமிர்ந்தார். எட்டாவதில் குண்டு பாட்டிலை உரசியது. ஒன்பதாவதில் சாய்த்தது. தண்ணீர் அவர் பூட்ஸுக்கடியில் ஓடியது. மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"இது பத்தில் ஒரு பங்குதானே, நிஜத்துல காத்து, கயிறு முறுக்கு எல்லாம் இருக்கே" என்று இழுத்தார். "இருக்கட்டும். திரும்பவே திரும்பாதுன்னு எழுதினீங்களே, அது நிஜத்துலயும் தப்பு, இங்கயும் தப்பு" என்றேன்.

அந்த அம்மாள் கேட்டார், "அப்போ நீங்க முதல்ல சொன்னதை மாத்திக்கறீங்களா?"

"ஆமா."

மஞ்சள் தொப்பிக்கு உதவி செய்கிற ஆசை வந்துவிட்டது. "மனநிலை சரியில்லாம அவசரத்துல சொன்னாங்கன்னு குறிச்சுக்கலாம்."

"அவசரத்துல சொல்லல. நிதானமாத்தான் சொன்னேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அப்படியே எழுதுங்க."

எழுதினார்கள். வீட்டுக்காரர் நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, தரையில் கிடந்த பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

செப்டம்பர் 25, வியாழன்

தொண்டை கட்டிக்கொண்டது. லேபில் சைகையிலேயே ஓட்டினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கடிதம். 'மறு ஆய்வின் பேரில் ஆபரேட்டர் மீது தவறில்லை எனத் தெரியவருகிறது.' லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டது. பாரம் ஆடினால் கோட்டை விட்டு விலகினால் போதாது, கயிற்று வீச்சின் முழு வட்டத்தையும் காலி செய்ய வேண்டும் என்று புதுச் சட்டமும் சேர்த்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் மன்னிப்பு? ஒரு எழுத்து இல்லை. ஏழு வாரம் ஒரு மனுஷனைக் கூண்டில் நிறுத்திவிட்டு, 'தெரியவருகிறது'! யாருக்குத் தெரிய வந்தது, எப்படித் தெரிய வந்தது? என் கையால் பதில் எழுதி மூன்று பக்கம் கிழித்துப் போட்டேன்.

அம்மா சொல்கிறாள்: "எனக்கு அப்பவே தெரியும், மருமகன் அப்படிப்பட்டவர் இல்லன்னு." தம்பி சிரித்து, தோள் வலித்து, "ஐயோ சிரிக்க வைக்காதீங்கம்மா" என்று கத்தினான். அவர் இன்று அவனைப் பார்க்கப் போயிருந்தார். இரண்டு மணி நேரம் இருவரும் என்ன பேசினார்களோ. அவனோடு பேசுகிறார். என்னோடு வேண்டியதை மட்டும்.

நான் மன்னிப்புக் கேட்டேன். போன வாரம், சமையலறையில், நேருக்கு நேர். "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிற உரிமையை நான்தான் தொலைத்துவிட்டேன். அதுவும் கோபமாகத்தான் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

இன்று முதல் நாள் மறுபடி மேலே ஏறினார். ஆறரைக்கு வந்தார். கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் அவராகவே சொன்னார், "இன்னைக்கு மேல காத்தே இல்ல."

எட்டி ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மொட்டை மாடித் துணியைப் பார்த்தால் நிஜமா என்று தெரிந்துவிடும். கழுத்து பாதி திரும்பிவிட்டது. அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

"அப்படியா" என்றேன்.

தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் வை" என்றார். வைத்தேன். பிறகு இருபது நிமிடம், கிரேன் கூண்டில் புதிதாக மாட்டியிருக்கிற நாற்காலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.